சிவப்பு மையைத் திறக்கும் முன்

(திருத்துறைப்பூண்டியில் தமிழாசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில், அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகளுக்குக் கவிதையை எப்படிக் கற்பிப்பது, அவர்களை எப்படி எழுத வைப்பது என்பது பற்றி என் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் நடத்தி வருகிறேன். அதில் பெரும்பகுதிக் காலம் நான் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கினேன் என்று சொல்ல முடியாது. நோட்டுத் திருத்தப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். ஆகவே நல்லபடியாக நடந்ததைச் சொல்வதற்கு முன், தவறிப்போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் நோட்டுத் திருத்துகிறவர்கள்தான். உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இரவை நம் பகுதியில் மறந்தவர் யாரும் இருக்க முடியாது. ஓடும் கூரையும் பறந்தன. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. முத்துப்பேட்டை, வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று எந்தப் பக்கம் போனாலும் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகக் கிடந்தன. பள்ளி மறுபடி திறந்தபோது சீருடை இல்லாமல் வந்த பிள்ளைகள் உண்டு. சிலருடைய புத்தகங்கள் நனைந்து, காய்ந்து, பக்கம் ஒட்டிப் போயிருந்தன.

அந்த வாரம் ஏழாம் வகுப்புக்கு 'புயல்' என்று கட்டுரை கொடுத்தேன். முன்னுரை, புயல் உருவாகும் விதம், பாதிப்புகள், அரசின் நடவடிக்கைகள், நமது கடமை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகத்தையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் அதை நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் சட்டகத்தைத் தொடவே இல்லை. நான்கு வரி எழுதியிருந்தான்.

"எங்க வீட்டு தென்ன மரம் எட்டும் படுத்துட்டு. அம்மா பால் பவுடர் வாங்க ரோட்டுல நிக்கிது. அப்பா கொல்லையிலயே ஒக்காந்திருக்கு. சாப்புட கூப்புட்டாலும் வரல."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'தென்ன' என்பதைத் 'தென்னை' ஆக்கினேன். 'நிக்கிது' என்பதை 'நிற்கிறார்' ஆக்கினேன். 'படுத்துட்டு' என்பதை அடித்து, ஓரத்தில் 'மரம் படுக்காது, சாயும்' என்று எழுதினேன். கீழே, 'முன்னுரை எங்கே? தலைப்பை விட்டு விலகக் கூடாது' என்று குறிப்புப் போட்டு, பத்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்தேன். என் திருத்தங்களில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அந்த நான்கு வரியை நான் படிக்கவில்லை என்பதுதான் குறை.

அடுத்த கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. அதில் அகப்பொருள் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அட்டவணை போட்டு முடித்துவிட்டு, வழக்கம்போல் கொஞ்சம் விரித்துச் சொன்னேன். "நம் பழம் புலவர்கள் 'எனக்குத் துக்கமாக இருக்கிறது' என்று எழுத மாட்டார்கள். பறவையைச் சொல்வார்கள், மரத்தைச் சொல்வார்கள், நீரைச் சொல்வார்கள். உணர்வு அதற்குள்ளே இருக்கும். கண்டுபிடிக்க வேண்டியது படிப்பவர் வேலை" என்றேன். சொல்லும்போதே அந்த எட்டுத் தென்னை மரமும் கொல்லையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் நினைவுக்கு வந்தார்கள்.

அந்தப் பையன் ஓர் இடத்தில்கூட வருத்தம் என்ற சொல்லை எழுதவில்லை. மரத்தைச் சொன்னான். வரிசையில் நிற்கும் அம்மாவைச் சொன்னான். கூப்பிட்டும் வராத அப்பாவைச் சொன்னான். இலக்கணப்படி அதை உள்ளுறை என்றோ இறைச்சி என்றோ கூற முடியாது என்று இங்கே யாராவது சொல்லலாம். சரிதான். ஆனால் சங்கப் பாட்டில் நான் எதை வியந்து வியந்து நடத்துகிறேனோ அதன் வேர் அந்த நான்கு வரியில் இருந்தது. புத்தகத்தில் அடையாளம் கண்டேன், நோட்டில் அடித்துவிட்டேன்.

'படுத்துட்டு' என்ற சொல்லும் பிறகுதான் விளங்கியது. மழையிலும் காற்றிலும் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் நெல்லை நம் ஊரில் எப்படிச் சொல்கிறோம்? "பயிர் படுத்துட்டு" என்கிறோம். அப்படிச் சொன்னால் அந்த ஆண்டுக் கண்டுமுதல் போயிற்று என்று பொருள். விவசாய வீட்டுப் பையன் வயலின் சொல்லை எடுத்துத் தென்னைக்கு வைத்திருக்கிறான். அதற்குப் பெயர் கற்பனை. நான் 'மரம் படுக்காது' என்று எழுதியிருக்கிறேன்.

அப்போது அவன் எட்டாம் வகுப்பில் இருந்தான். இடைவேளையில் கூப்பிட்டு, "புயல் பத்தி எழுதினியே தம்பி, அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டேன். "அது பழைய பேப்பர் கடைக்குப் போயிட்டு சார்" என்றான். "நல்லா எழுதியிருந்த. நான்தான் சரியாப் படிக்கல" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு மார்க்குதான சார் போட்டீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் எழுதிய கட்டுரைகளைப் பார்த்தேன். முன்னுரை இருந்தது, முடிவுரை இருந்தது, பிழை குறைவாக இருந்தது, எட்டு மதிப்பெண் இருந்தது. அவன் மட்டும் அதில் இல்லை. எப்படி எழுதினால் எனக்குப் பிடிக்கும் என்று கற்றுக்கொண்டுவிட்டான். நான் கற்பித்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு வகுப்பில் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். உங்களில் பலர் இதைவிட நன்றாகச் செய்துகொண்டிருப்பீர்கள். என்றாலும் சொல்கிறேன்.

முதலாவது, தலைப்பைக் கொடுப்பதற்குப் பதிலாகக் கருப்பொருளைக் கேட்கிறேன். ஆறாம் வகுப்பிலேயே இதைச் செய்ய முடிகிறது. இலக்கணப் பெயர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "நம்ம ஊர்ல என்ன பறவை இருக்கு, என்ன மரம், என்ன தண்ணி, என்ன வேலை, என்ன சத்தம், என்ன சாமி?" என்று கேட்டால் பலகை நிறைந்துவிடும். கொக்கு, மடையான், மீன்கொத்தி வரும். பூவரசு, ஒதியன், கருவேலம் வரும். முள்ளியாறு வரும். ஐயனார் வருவார். கூடவே அறுவடை மெஷின், செல்போன் டவர், கொள்முதல் நிலையம் எல்லாம் வரும். திணைக்குரிய பறை என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அந்த இடத்தில் ஒரு பையன் 'டிராக்டர்ல போடுற பாட்டு' என்றான். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். இன்றைய மருதத்தின் பறை அதுதான் என்றால் நாம் மறுக்க முடியாது.

பட்டியல் ஆன பிறகு, அதிலிருந்து ஒரு பொருள், வீட்டில் உள்ள ஓர் ஆள், ஒரு நேரம், இந்த மூன்றையும் வைத்து நான்கு வரி எழுதச் சொல்கிறேன். ஒரே ஒரு விதி: மகிழ்ச்சி, சோகம், அழகு, பயம் போன்ற சொற்களை எழுதக் கூடாது. உரிப்பொருளை எழுதாதே என்று நேராகச் சொல்லாமல் இப்படிச் சொல்கிறேன். அது தானாக வந்துவிடுகிறது. ஒரு பெண் எழுதினாள்: "தாத்தா கொள்முதல் நிலையத்துல நெல்லு மேல தார்ப்பாய் போட்டுட்டு பக்கத்துல படுத்திருக்கு. மழ வந்தா தாத்தா நனையும். நெல்லு நனையாது." ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தத் தார்ப்பாயின் மதிப்பு தெரிந்துதான் அவள் எழுதியிருக்கிறாள்.

சொல்லின் சுவையைக் காட்ட நெல்லின் பெயர்களே போதும். பக்கத்தில் ஆதிரெங்கம் இருக்கிறது. அங்கே நெல் ஜெயராமன் அவர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி, விதையைக் கொடுத்துப் பெருக்கினார். கஜா அடித்த மூன்றாவது வாரம், 2018 டிசம்பர் 6ஆம் தேதி அவர் மறைந்தார். காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, குழியடிச்சான், மாப்பிள்ளைச் சம்பா என்று பலகையில் எழுதி, "இந்தப் பேரை வச்சவங்க எதப் பார்த்து வச்சிருப்பாங்க?" என்று கேட்பேன். யானையே மறையும் உயரத்துக்கு வளரும் என்று காட்டுயானத்துக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு பெயரும் யாரோ ஓர் உழவர் கூர்ந்து பார்த்துச் சொன்ன சொல். உவமை, உருவகம் என்று தனியாக நடத்துவதற்கு முன் இதைச் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, பாடப்பகுதிச் செய்யுளைப் பற்றியது. முன்பெல்லாம் ஒரு முறை படித்துவிட்டு உடனே சொற்பொருள், பொருளுரை, இலக்கணக் குறிப்பு என்று இறங்கிவிடுவேன். இப்போது மூன்று முறை வாய்விட்டுப் படிக்கிறோம். முதல் முறை நான். இரண்டாம் முறை எல்லோரும். மூன்றாம் முறை ஆளுக்கு ஓர் அடி. அதுவரை யாரும் பொருள் கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது. பிறகு, "எந்த இடம் காதுல நிக்குது?" என்று மட்டும் கேட்கிறேன். ஓசை பிடித்த பிள்ளை, பொருளைத் தானே தேடி வருகிறது.

ஒரு முறை நடவு வேலை செய்த மூத்த அம்மா ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்தோம். இப்போது இயந்திர நடவு வந்துவிட்டதால் எங்கள் பிள்ளைகளில் பலர் நடவுப் பாட்டைக் கேட்டதே இல்லை. அவர் முதலில் கூச்சப்பட்டார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து நடுவதுபோல் நின்றுகொண்டுதான் பாடினார். நேராக நின்றால் பாட்டு வரவில்லை என்றார். அவர் ஓர் அடி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். "ஏன் ஆயா ஒவ்வொரு அடியும் சின்னதா இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். "குனிஞ்சுகிட்டுப் பாடுனா அவ்வளவுதான் மூச்சு இருக்கும்" என்றார். யாப்பைப் பற்றி அதைவிடத் தெளிவாக நான் பாடம் நடத்தியதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு முறை படிக்கிறேன். முதல் முறை பேனா மூடியைத் திறப்பதில்லை. படித்துவிட்டு, பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன். 'உன் தாத்தா எத்தனை ராத்திரி அங்கே படுத்திருந்தார்?' என்பதுபோல. அது உண்மையில் எனக்குத் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். ஆசிரியருக்கு விடை தெரிந்த கேள்விக்கும் தெரியாத கேள்விக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது நான்கு வரி எட்டு வரியாகும். அதற்குப் பிறகுதான் இரண்டாம் முறை படித்துத் திருத்துகிறேன். அதிலும் ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழை. இந்த வாரம் ல, ள, ழ என்றால் அது மட்டும். ஒற்றுப்பிழை அடுத்த முறை.

பேச்சுவழக்கை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதல் எழுத்து வீட்டு மொழியில் வரட்டும். 'நிக்கிது' என்று எழுதும் பிள்ளைக்கு 'நிற்கிறார்' என்பதையும் கற்பிக்க வேண்டியது நம் கடமை. எழுத்துத் தமிழ் தெரியாமல் அவர்களை வெளியே அனுப்பினால் அதுவும் துரோகம்தான். ஆனால் சொல்ல வந்தது தாளில் இறங்கிய பிறகு, இரண்டாம் படியில் அதைச் செய்யலாம். "இதப் பேப்பர்ல படிக்கிற மெட்ராஸ்காரங்களுக்கும் புரியணும்னா எப்படி எழுதுவ?" என்று கேட்டால் அவர்களே மாற்றுகிறார்கள். சில சொற்களை மாற்ற மறுக்கிறார்கள். 'படுத்துட்டு' போன்ற சொற்களை. அப்போது நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதி 1932இல் வெளிவந்த 'பகல் கனவு' நூலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அதில் வரும் ஆசிரியர், பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கதையிலிருந்துதான் தொடங்குகிறார். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், அச்சிட்ட பாடப்புத்தகத்துக்கு முன் அந்தக் குழந்தைகளிடமே அவர்களுக்கு வேண்டிய சொல்லைக் கேட்டு, அட்டையில் எழுதிக் கொடுத்துப் படிக்கவைத்தார். அச்சமும் அன்பும் ஒட்டிய சொற்களைக் குழந்தைகள் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டதை, 1963இல் வந்த 'ஆசிரியர்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். கென்னத் கோச் என்ற கவிஞர் 1968 முதல் நியூயார்க்கின் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் கவிதை எழுதப் பழக்கியபோது, எதுகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் அடியையும் 'எனக்கு ஆசை' என்று தொடங்கச் சொன்னார். ஊரும் மொழியும் வேறு. பிள்ளையிடம் இருப்பதிலிருந்து தொடங்கு என்பது மூவருக்கும் பொது.

இனி இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று தேர்வு. பத்தாம் வகுப்பில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு வினா வருகிறது. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரே கவிதையை மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் நமக்குத் தெரியாததல்ல. நானும் அப்படி ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போதும் தயங்கித் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கைவசம் ஒன்று இருக்கட்டும் என்று விட்டுவைக்கிறேன். அவர்கள் மதிப்பெண்ணோடு விளையாட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து நான்கு வரி எழுதிப் பழகிய பிள்ளைக்கு அந்த ஊன்றுகோல் தேவைப்படுவதில்லை. படத்தைப் பார்த்ததும் 'இதுல யார் இருக்காங்க, என்ன நேரம்?' என்று தேடத் தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. எழுதச் சொன்னால் பிள்ளைகள் உண்மையை எழுதிவிடுவார்கள். ஒரு பெண், "அம்மா திருப்பூர்ல இருக்கு. அம்மாயி வீட்டுக் கொடியில அம்மா சேலை தொங்குது. அம்மாயி அதத் துவைக்க விடல" என்று எழுதினாள். அதை அவள் விருப்பத்தோடு வகுப்பில் படித்தாள். ஆனால் இன்னொரு நோட்டில், வீட்டில் நடக்கும் அடியும் குடியும் இருந்தன. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. நல்ல எழுத்து என்று வகுப்பில் படிக்கவில்லை, சுவரில் ஒட்டவில்லை, இதழுக்கும் அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசினேன். தலைமையாசிரியரிடம் சொல்லி, செய்ய வேண்டியதைச் செய்தோம். 1098, 14417 எண்கள் வகுப்பறைச் சுவரில் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. 'மாணவர் மனசு' பெட்டியில் விழ வேண்டிய சீட்டு சில நேரம் கட்டுரை நோட்டில் விழும். அப்போது நாம் தமிழாசிரியராக இருப்பதை நிறுத்திவிட்டுப் பெரியவராக இருக்க வேண்டும். இதற்குத் தயாராக இல்லாதவர், 'உன் வீட்டைப் பற்றி எழுது' என்று சொல்லாமலிருப்பதே நல்லது. எழுதியதை யாரிடம் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்யும் உரிமை எழுதிய பிள்ளைக்கே. என் வகுப்பில் பக்கத்தை மடித்து வைத்தால் நான் மட்டும் படிக்க வேண்டும் என்று பொருள். இரண்டு முறை மடித்தால் நானும் படிக்கக் கூடாது.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு என்று வைத்துக்கொண்டேன். எட்டு வேலை நாளில் ஒரு சுற்று முடிகிறது. வாரத்தில் ஒரு பாடவேளையில் இருபது நிமிடம் எழுத்துக்கு. ஜூனில் மேட்டூர் திறந்தால் 'கடைமடைக்குத் தண்ணி வந்த அன்னைக்கு', தையில் 'களத்துல', மழைக்காலத்தில் 'வீடு ஒழுகுற எடம்' என்று பருவமே பொருள் கொடுத்துவிடுகிறது. நன்றாக வந்ததை, பிள்ளை சம்மதித்தால், 'தேன்சிட்டு' இதழுக்கு அனுப்புகிறோம். வராவிட்டாலும் பரவாயில்லை. வகுப்பறைக் கயிற்றில் துணி கிளிப்பு மாட்டித் தொங்கவிடுகிறோம்.

எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டு என்னிடம் படித்தும் இரண்டு வரிக்கு மேல் எழுதாதவர்கள் இருக்கிறார்கள். செல்போனில் பார்த்து எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவனுக்கு வரைய வருகிறது. அவன் வரைந்து கொடுக்கிறான், அதற்கும் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுகிறேன்.

அந்தப் புயல் பையன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டான். நல்ல மதிப்பெண்தான். கடைத்தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்பான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டது அவனுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியாது. நான் இங்கே சொன்ன நான்கு வரியும் என் நினைவிலிருந்துதான். ஒன்றிரண்டு சொற்கள் மாறியிருக்கலாம். அசல் இப்போது எங்கும் இல்லை. நான் அன்றே படித்திருந்தால், அவன் ஐந்தாவது வரி எழுதியிருப்பான். அப்பா எப்போது எழுந்து சாப்பிட வந்தார் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

நாளை காலை உங்கள் மேசையிலும் நோட்டுக்கட்டு இருக்கும். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. மேலே இருக்கும் ஐந்து நோட்டை மட்டும் எடுங்கள். பேனா மூடியைத் திறக்காமல் ஒரு முறை படியுங்கள். பிறகு திருத்துங்கள்.